புள்ளி வைத்த தெலுங்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கம்பெனியில் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் தெரிந்தால் சிவப்புக் கூடையில் போடவேண்டும். எட்டு வருடமாக இதையே செய்து, வீட்டுக்கு வந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. சாம்பாரில் உப்பு, சுவரில் விரிசல், மகள் சட்டையில் அறுந்த பொத்தான், எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். "இந்த ஊட்ல நல்லா இருக்கறது எதனா ஒண்ணு உன் கண்ணுல பட்டுக்குதா மாமா?" என்று மனைவி கேட்பாள். அதற்கும் கோபம் வரும்.

அப்படிப்பட்ட என்னை வாயடைத்து நிற்க வைத்தது மூன்றாம் வகுப்பு படிக்கிற என் மகளின் நோட்டுப் புத்தகம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஆந்திராவில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பைக்கில் கொஞ்ச நேரம் போனால் தமிழ்நாடு வந்துவிடும். வீட்டில் தமிழ், கடையிலும் மண்டல ஆபீசிலும் தெலுங்கு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்து வருவதை இங்கே யாரும் கவனிப்பதுகூட இல்லை. நான் பத்தாவது வரை தமிழில் படித்தவன். தெலுங்கு வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். படிப்பது என்றால் பஸ் போர்டு அளவுக்குத்தான். மனைவி தமிழ்நாட்டுப் பக்கம் ஊத்துக்கோட்டைக்காரி, அவளுக்கு அதுவும் கிடையாது. மகளுக்கு ஊர் எலிமெண்டரி ஸ்கூலில் தெலுங்குதான் முதல் மொழி.

வருட ஆரம்பத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு அவளுடைய மேடம் ஒன்று சொன்னார். வீட்டில் தினமும் ஒரே நேரம், ஒரே இடம். அரைமணி போதும். டிவி வேண்டாம், போன் வேண்டாம். பக்கத்தில் பெரியவர் யாராவது உட்காருங்கள், சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், நாலு வரி சொல்லி எழுத வையுங்கள். இதைவிடப் பெரிய டியூஷன் இல்லை என்றார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதைக் கம்பெனி உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

மாலை ஐந்து மணி. கிரைண்டருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பாய். என் போன் பிரிட்ஜ் தலையில். காலை ஷிப்ட் வாரம் நான் உட்காருவேன், மதிய ஷிப்ட் வாரம் மனைவி உட்கார்ந்து படிப்பதைக் கேட்பாள், வார்த்தை சொல்லி எழுத வைப்பது என் வாரத்தில்தான். முதல் வாரம் மகள் பாயில் உட்கார்ந்த நேரத்தைவிடத் தண்ணீர் குடிக்கப் போன நேரம் அதிகம். இரண்டாவது வாரம் பென்சிலைச் சீவியே பாதியாக்கினாள். நான் கத்தினேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் முகம் கழுவிக்கொண்டு வந்து பார்க்கிறேன், பாய் விரித்திருக்கிறது. தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடுகிற சத்தம் கேட்கிறது. இவள் பாதி ஆட்டத்தில் எழுந்து வந்து, கால் கழுவி, பையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு வயதுக் குழந்தை. ஒரு எழுத்தை எழுதும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும், எழுதி முடித்ததும் உள்ளே போய்விடும். அம்மா கூப்பிட்டால் காதில் விழாது. ஈ வந்து முழங்கையில் உட்கார்ந்தாலும் தெரியாது. நான் முப்பத்தைந்து வயதில், சம்பளத்துக்காக, சூப்பர்வைசர் பார்வைக்குப் பயந்து காட்டுகிற கவனத்தை இவள் சும்மாவே காட்டுகிறாள். இது எங்கிருந்து வந்தது இவளுக்கு என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சிக்கல் என்னிடம்தான். தெலுங்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் வார்த்தை சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும். தனித்தனி எழுத்தாக வரும்வரை ஓட்டிவிடுவேன். தமிழில் அக்கா என்று எழுத முதல் 'க'வின் தலையில் புள்ளி வைப்போம். தெலுங்கில் அந்தப் புள்ளி கிடையாது. முதல் 'க' அப்படியே இருக்க, இரண்டாவது 'க' அதன் காலடியில் சின்னதாகத் தொங்கும். சில எழுத்து கீழே போனதும் ஆள் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். அதற்குப் பெயர் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது. நானாக 'வாலு' என்று வைத்திருந்தேன். வாலு வந்தால் என் வண்டி நின்றுவிடும்.

மகள் பென்சிலைப் பிடித்தபடி காத்திருப்பாள். நான் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பேன். காது சுடும். "இந்த புக்க போட்டவன் ஒயுங்கா போட்டா இன்னா? எதுக்கு ஒண்ணுக்கு கீய ஒண்ண தொங்க உட்டுக்கினு கீறான்?" என்று கத்துவேன். ஒரு நாள் ஒரே வரியில் நாலு இடத்தில் நின்றேன். புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். அது கிரைண்டரில் பட்டு அட்டை கிழிந்து விழுந்தது. மகள் எழுந்துபோய் எடுத்து, அட்டையைத் தடவி, மூடி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளே ஒரு வழி சொன்னாள். "புக்கு வேணாம் நைனா. நான் பாடத்த நோட்ல எய்திக் குட்க்கறேன். அத பாத்து நீ சொல்லு." சரி என்றேன். அதிலிருந்து டிக்டேஷன் மளமளவென்று போனது. அவள் கையெழுத்து பெரிசு, புத்தக எழுத்து பொடிசு, அதனால்தான் இத்தனை நாள் தடுக்கியது என்று எண்ணிக்கொண்டேன். எனக்குத் தெலுங்கு படிக்க வந்துவிட்டது என்று லைனில்கூடப் பீற்றிக்கொண்டேன்.

அரையாண்டு முடிந்து ஒரு சனிக்கிழமை மறுபடி பெற்றோரைக் கூப்பிட்டார்கள். வகுப்பு முழுக்கச் சத்தம். கைக்குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன, வராந்தாவில் யாரோ பெஞ்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. கணக்கில் நல்ல பிள்ளை, இங்கிலீஷ் பரவாயில்லை என்றார் மேடம். பிறகு நோட்டைப் புரட்டியபடி, "தெலுகுலோ மாத்ரம் ஒத்து ராது சார், மீ பாப்பக்கி" என்றார்.

ராது என்றால் வராது. அது எனக்குத் தெரியும். ஒத்து ராது. ஒத்துவராது. இங்கே எல்லாரும் பாதிக்குப் பாதி கலந்து பேசுகிறவர்கள்தானே, எனக்குப் புரியட்டும் என்று தமிழில் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். தெலுங்கில் உங்கள் குழந்தை ஒத்துவர மாட்டாள். தமிழ்க்காரன் வீட்டுப் பிள்ளை, இந்த ஸ்கூலுக்கு ஒத்துவராது. வேறு என்ன அர்த்தம் அதற்கு? இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை வைக்கும்போதே சொன்னேன். "ஒத்துவராதாம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. டி.சி. வாங்கிடப் போறேன். உன் தங்கச்சி ஊட்ல உட்டு, ஊத்துக்கோட்டையில தமிழ்லயே படிக்க வைக்கலாம்."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "மூணாவது படிக்கற கொயந்தய அனுப்பிட்டு நான் இங்க இன்னா பண்றது? யாரப் பாத்துக்கினு இருக்கறது?"

"ஒத்துவராத எடத்துல அவள உட்டு வெக்கச் சொல்றியா?"

அவள் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள் ஜன்னலோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

அழுவாள், அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுநாள் ஐந்து மணிக்குப் பாயை விரித்தாள். நான் போய் உட்காரவில்லை. எந்த ஸ்கூலுக்குப் போகாமல் இருக்கப் போகிறாளோ அந்த ஸ்கூல் பாடத்துக்கு நான் எதற்கு உட்கார வேண்டும் என்ற வீம்பு. அவள் சுவரைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள், தானே சொல்லித் தானே எழுதினாள், மூடி வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "சித்தி ஊட்ல பாய் எங்க போடுவாங்க நைனா?"

"எங்கனா போடுவாங்க" என்றேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை லீவு போட்டிருந்தேன், டி.சி. கேட்கப் போவதற்கு. லைனில் தெலுங்கு எழுதத் தெரிந்த ஒருவரிடம் மனுவும் எழுதி வாங்கியாகிவிட்டது. செவ்வாய் சாயங்காலம், மேடத்திடம் நாலு வார்த்தை கேட்காமல் வரக்கூடாது என்று தோன்றியது. அப்படி என்ன ஒத்துவரவில்லை என்று ஆதாரத்தோடு கேட்க வேண்டும். மகள் தெருவில் இருந்தாள். அவள் பையிலிருந்து வகுப்பு நோட்டை எடுத்துப் பிரித்தேன். வீட்டு நோட்டைத்தான் நான் தினமும் பார்ப்பேன், இதை அதுவரை பிரித்ததே இல்லை.

பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டம். ஒரு வரியில் நாலு, ஐந்து. ஆனால் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. நான் தடுக்காமல் படித்துக்கொண்டே போனேன். எங்கெல்லாம் நன்றாகப் படிக்க வந்ததோ அங்கெல்லாம் வட்டம் இருந்தது. இது என்ன அநியாயம் என்று கோபம் பொங்கியது. கிழிந்த அட்டையோடு இருந்த தெலுங்குப் புத்தகத்தை எடுத்து, அதே பாடத்தைத் திறந்து, பக்கத்தில் வைத்தேன்.

புத்தகத்தின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அங்கே வாலு இருந்தது. நோட்டில் அதே வார்த்தையில் வாலு இல்லை. இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி.

அடுத்த வார்த்தையைப் பார்த்தேன், புள்ளி. அதற்கடுத்தது, புள்ளி. தெலுங்கு எழுத்தின் தலையில் தமிழ்ப் புள்ளி. அவளுக்கு நாலு வயசாக இருக்கும்போது தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்துத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தவன் நான்தான். புள்ளி வைத்தால் எழுத்து பாதியாகிவிடும் என்று அன்றைக்குச் சொன்னதும் நான்தான். வீட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பக்கம் பக்கமாக அதே புள்ளி. மாதக்கணக்காக அதைப் பார்த்துத்தான் வார்த்தை சொல்லியிருக்கிறேன். கீறல் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன், இதைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய புள்ளி என்பதால் கண்ணில் படவே இல்லை.

மகளைக் கூப்பிட்டேன். நோட்டு என் கையில் இருப்பதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது இன்னா பாப்பா?"

"புள்ளி."

"தெலுங்குல ஏது புள்ளி?"

"தெலுங்குல இல்ல நைனா. அது உனுக்கு வெச்சது."

எனக்குப் புரியவில்லை. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள். "புக்குல வாலு வந்தா நீ நின்னுட்ற. அப்பறம் உனுக்கு கோவம் வந்துடுது. புள்ளி வெச்சா நிக்க மாட்ட இல்ல? அதான் வால எடுத்துட்டு, புள்ளி வெச்சி எய்தினேன்."

"உனுக்கு வாலு எய்த வராதா?"

"ஓ, வருமே." உட்கார்ந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிக் காட்டினாள். இது க கீழே போனால், இது ம கீழே போனால், இது த, "பாத்தா வேற ஆளு மாதிரி இருக்கும், ஆனா த தான்." நாக்கு நுனி வெளியே வந்து வந்து போனது. ஒன்றிலும் தயக்கம் இல்லை.

"அப்பறம் இஸ்கூல்ல ஏம்மா போடல?"

"கை பயகிப்போச்சி நைனா. மேடம் வேகமா சொல்லிக்கினே போவாங்க. நான் யோசிக்கறதுக்குள்ள கை புள்ளி வெச்சிடுது." ஏதோ தப்பு அந்தக் கையுடையது என்பது போல அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

தமிழும் தெலுங்கும் இந்த மண்ணில் எத்தனையோ தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கின்றன. பல்லு முளைத்து விழுந்து மறுபடி முளைக்கிற வயதில் ஒரு குழந்தை, ஒன்றின் தலையிலிருந்து புள்ளியை எடுத்து இன்னொன்றின் தலையில் வைத்து, அப்பாவுக்குப் படிக்க ஒரு தெலுங்கு செய்து கொடுத்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதற்காக வகுப்பில் வட்டம் வட்டமாகத் திட்டு வாங்கியிருக்கிறது. வீட்டில் நல்ல பழக்கம் உண்டாக்குகிறேன் என்று நான் தினமும் அரைமணி உட்கார்ந்தேன். அந்த அரைமணியில் அவள் பழகியது என் முகத்தைப் படிக்க. எனக்கு வியப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

"தெலுகுலோ ஒத்து ராதுன்னு மேடம் சொன்னாங்களே, எல்லாம் வந்தும் எதுக்கு அப்பிடி சொன்னாங்க?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "ஒத்துன்னா அதான் நைனா! நீ வாலுன்னு சொல்றியே, அதுக்குப் பேரு ஒத்து. எனுக்கு ஒத்து எய்த வரலன்னு சொல்லிக்கிறாங்க."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிய அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. "நாலு நாளா என் வயித்துல நெருப்ப கொட்டினியே மாமா! என் கொயந்த எல்லாத்துக்கும் ஒத்துவருவா. ஒத்துவராதது நீ ஒருத்தன் தான்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

லீவு போட்டது போட்டதுதான். மறுநாள் மகளோடு நானும் ஸ்கூலுக்குப் போனேன். நடந்ததை அரைகுறைத் தெலுங்கில் அல்ல, நல்ல தெலுங்கிலேயே மேடத்திடம் சொன்னேன். ஒத்து, ஒத்துவராது என்று விளக்கும்போது அவருக்கும் சிரிப்பு. புள்ளி யாருக்காக வைத்தது என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டை வாங்கி, தானே போட்ட சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பென்சில் முனை குத்தியிருக்கிறது, அசிரத்தை என்று நினைத்தேன் என்றார். பிறகு, "அலவாட்டே கதா சார், மாறுதுந்தி" என்றார். பழக்கம்தானே, மாறிவிடும்.

பிள்ளைகள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மகளைக் கூப்பிட்டு, கையில் சாக்பீஸைக் கொடுத்து, உனக்கு இஷ்டமான ஒரு வரி எழுது என்றார். அவள் கரும்பலகையிடம் போய் நின்று, என் பக்கம் திரும்பினாள்.

"புள்ளி வேணாமா நைனா?"

"வேணாம்மா."

எழுதினாள். எம்பி எம்பி, எட்டுகிற வரைக்கும் உயரத்தில் தொடங்கி, பலகையின் அந்த ஓரம் வரை ஒரே வரி. எழுத்துக்குக் கீழே எழுத்து தொங்கிக்கொண்டே போனது. நான் கதவோரம் நின்று கூட்டிப் பார்த்தேன். 'மா' என்பது வந்தது. அதற்கு அடுத்ததில் நின்றுவிட்டேன். எழுதி முடித்தவள் மேடத்தைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள், கோபம் வந்திருக்கிறதா என்று. தினம் தினம் இப்படித்தான் பார்த்திருப்பாள். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எனுக்கு படிக்க வரலம்மா. நீயே படிச்சிக் காட்டு" என்றேன்.

அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்துப் படித்தாள். "மா செட்டு மீத பிட்ட குட்லு பெட்டிந்தி."

எங்கள் மரத்தில் குருவி முட்டையிட்டிருக்கிறது. மேடம் பலகையைப் பார்த்துவிட்டு, ஒரு ஒத்துகூடத் தப்பவில்லை என்றார். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

"எந்த மரம் பாப்பா?"

"நம்ம முருங்கமரந்தான் நைனா. ஒரு வாரம் ஆச்சி. பாயில உக்காந்து ஜன்னல்ல பாத்தாவே தெரியும்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"படிக்கறப்ப வேற பேச்சு பேசக்கூடாதுன்னு நீ தான சொன்ன?" என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை, சொன்னதைச் செய்த பிள்ளையின் குரல்.

டி.சி. மனு சட்டைப் பையிலேயே இருந்தது. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே போய், அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "எத்தினி முட்டம்மா?" என்று கேட்டேன்.